சூரிய தேவியின் குகையும் ட்ருகனினா ஜன்னலும்: ஒரு கிடாரத்துடன் 870 கிலோமீட்டர்

படையெடுப்புக்கு முன் காரணத்தை ஊருக்கு அறிவிப்பது பெருமன்னர்களின் வழக்கம். நானும் அறிவித்துவிடுகிறேன். 2008 ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து மெல்பேர்னின் ட்ருகனினாவுக்குத் தனியாகக் காரோட்டிப் போனேன். தூரம் 870 கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் கலியாணச் சோறு வடிக்கிற, இருபத்திரண்டு அங்குல வாயுள்ள ஓர் அலுமினியக் கிடாரம், சீட் பெல்ட் போட்டபடி. ஒன்பது மாதமாக என்னோடு பேசாமலும், அதைவிட மோசமாக, பாடாமலும் இருந்த என் அக்காவைத் திரும்பப் பாடவைப்பதுதான் நோக்கம். யோசனை தந்தது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

முதலில் குற்றம். அந்த வருடம் தை மாதம் பத்மா அக்காவின் ஒரே மகனுக்குக் கலியாணம். தாய்மாமன் என்ற முறையில் மைக் என் கைக்கு வந்தது. மைக்கைக் கண்டால் எனக்கு மேலதிகமாக நாலு நாக்கு முளைக்கும். அக்கா எந்த வீட்டுக்கு மாறினாலும் வெள்ளிக்கிழமைப் பஜனையும் சுருதிப் பெட்டியும் கூடவே மாறும். மெல்பேர்ன் மேற்குப் பக்கத்துச் சனம் முழுக்க அவருக்குப் பின்னால்தான் பாடும். அதைப் புகழத்தான் வாயைத் திறந்தேன், கந்தனாணை. வெளியே வந்தது வேறு. "எங்கட அக்கா ஆலாபனை தொடங்கினா விக்டோரியாவில இருக்கிற கங்காரு முழுக்கப் பெட்டி கட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடி வரும். இப்ப என்ர வீட்டுப் புல்லை நான் வெட்டுறேல்லை, அதுகள்தான் மேயுதுகள்" என்றேன். நானூறு பேர் சிரித்த சிரிப்பில் மண்டபத்தின் கூரை ஓரடி உயர்ந்து இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்த யாரோ ஒருவர், "அக்கா, கங்காரு எல்லாம் போயிட்டுதோ?" என்று கேட்டாராம். அக்கா சுருதிப் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்தார். அதன்பின் பஜனை சீடியில் நடந்தது. நான் தொலைபேசியில் அழைத்தால் செல்வரத்தினம் அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்பார். உலக சரித்திரத்தில் ஒன்பது மாதம் தொடர்ந்து குளித்த ஒரே பெண்மணி என் அக்காதான்.

இனிப் படம். என் மனைவி வசந்தி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஓகஸ்டில் ஒரு நாள் அவளுடைய ஷிஃப்ட் முடியும்வரை பொழுதைப் போக்க, பரமட்டாவில் ஒரு சின்ன மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலில் 'ஜப்பானிய அனிமேஷன், இலவசம், தேநீர் உண்டு' என்று எழுதியிருந்தது. தேநீருக்காகத்தான் போனேன்.

படம் ஒரு பழைய கோயில் களஞ்சிய அறையில் தொடங்கியது. நூறு வருடம் பழசான பொருளுக்கு உயிர் வந்துவிடும் என்பது ஜப்பானியரின் நம்பிக்கையாம். அங்கே வீணை மாதிரி ஒன்று, நீட்டு யாழ் மாதிரி ஒன்று, ஒரு புல்லாங்குழல், எல்லாம் கண் விழித்து, தங்களுக்குள் யார் மூத்தவர் என்று சண்டை பிடிக்கின்றன. தீர்ப்புச் சொல்ல வருகிறது தானுக்கி என்ற பிராணி. நரிக்கும் கீரிக்கும் பிறந்தது போன்ற உருவம். நிலா வெளிச்சத்தில் தன் தொப்பையையே மத்தளமாக அடிக்குமாம். அதைக் கண்டதும் ஒரு சொந்தக்காரரைக் கண்ட உணர்வு எனக்கு. சண்டை உச்சத்தில் நிற்கும்போது மூலையில் கவிழ்ந்து கிடந்த மரத்தொட்டி ஒன்று வாயைத் திறந்து, "மூத்தது நான்" என்கிறது.

தொட்டி சொன்ன கதை இது. சூரிய தேவிக்கு ஒரு தம்பி. குழப்படியில் என்னைவிட ஒரு பங்கு கூட. அக்காவின் வயல் வரம்புகளை உடைத்தான், நெசவு மண்டபத்துக்குள் தோலுரித்த குதிரையைத் தூக்கிப் போட்டான். மனம் நொந்த தேவி ஒரு குகைக்குள் போய்ப் பாறையால் வாசலை மூடிவிட்டாள். உலகம் இருண்டது. எண்பது லட்சம் தெய்வங்கள் கூடி ஆலோசித்தன. சேவல்களைக் கூவ வைத்தன, மரத்தில் கண்ணாடி தொங்கவிட்டன. கடைசியில் ஒரு தேவதை மரத்தொட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறித் தடதடவென்று மிதித்து ஆடினாள். தெய்வங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. 'நான் இல்லாமல் அங்கே என்ன கொண்டாட்டம்?' என்று தேவி பாறையைச் சற்றே நகர்த்திப் பார்த்தாள். வெளிச்சம் திரும்பியது. அந்த மிதிச் சத்தம்தான் உலகத்தின் முதல் இசை என்று முடித்தது தொட்டி. மற்ற வாத்தியங்கள் வாயடைத்துப் போயின.

படத்தைக் கொண்டுவந்த கெய்கோ என்ற அம்மையார், ஜப்பானில் கோயில் ஆட்டங்களுக்கெல்லாம் மூலக்கதை இதுதான் என்றார். "குகைக்கு வெளியே அந்தத் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்டேன். "அவன் அங்கே இல்லை. மற்றவர்கள்தான் செய்தார்கள்" என்றார். எனக்கு அது பெரிய வெட்கக்கேடாகப் பட்டது. இரண்டாயிரம் வருடத் தவறைத் திருத்துவது என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன்.

காலை 5.10க்குப் புறப்பாடு. வசந்தி புட்டும் சம்பலும் கட்டித் தந்து, கிடாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இஞ்சாருங்கோ, போனதும் மன்னிப்பைக் கேளுங்கோ. கதை அளக்காதேங்கோ." ஒரு பேரரசனுக்குச் சொல்லும் வார்த்தையா இது?

கோல்பேர்ன் 7.05. அங்கே ஒரு மாபெரும் கொங்கிரீட் செம்மறியாடு நிற்கிறது. அதற்குள் ஏறிப் பார்க்கலாம். குண்டகாய் 9.25, வழியில் புட்டுக்கு நிறுத்திய இருபத்தைந்து நிமிடமும் சேர்த்து. ஹோல்புரூக்கில் கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரப் புல்லில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் பொலிஸ் ஒருவர் மறித்து, குடித்திருக்கிறேனா என்று பார்க்க ஊதச் சொன்னார். ஊதினேன். அவர் கண் என்மேல் இல்லை.

"மேட், அது சட்டிதானே? எதற்கு பெல்ட்?"

"சட்டி இல்லை, மத்தளம். அக்காவுக்கு வாசிக்கப் போகிறேன்."

"அக்கா கேட்டாரா?"

"இல்லை."

"வாழ்த்துக்கள்" என்று விட்டுவிட்டார். அந்த வாழ்த்தின் தொனி ஆல்பரி வரை என்னை உறுத்தியது.

ஆல்பரி 11.45. பெற்றோல் நாற்பத்தொன்பது லிட்டர், 69 டொலர் 58 சதம். நாற்பது நிமிட ஓய்வு. அதன்பின் பாதை நேராகவும் தட்டையாகவும் கிடக்கிறது, நித்திரை கொள்ள மிகவும் வசதி, கொள்ளாதீர்கள். மன்னிப்புப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வங்கரட்டாவில் பதினான்கு வசனம் இருந்தது, மெல்பேர்ன் வளைய வீதியில் அது நாற்பதாக வளர்ந்து உவமை, உருவகம், ஒரு வெண்பா எல்லாம் சேர்ந்துவிட்டது. ட்ருகனினா மாலை 3.50. இருபுறமும் பண்டகசாலைகள், நடுவே நேற்று முளைத்தது போன்ற வீடுகள். மரங்கள் இன்னும் முழங்கால் உயரம்தான்.

அத்தான் கதவைத் திறந்தார். "அவ குளி..." என்று பழக்கத்தில் தொடங்கி, கிடாரத்தைக் கண்டதும் நிறுத்தினார். "தைக்கிற அறைக்குள்ள இருக்கிறா. உன்ர கார்ச் சத்தம் கேட்டதும் கதவைப் பூட்டிப்போட்டா."

குகை தயார். அந்த அறையின் ஜன்னல் பின்வளவைப் பார்த்தது. நான் கொங்கிரீட்டில் கிடாரத்தைக் கவிழ்த்தேன். எண்பது லட்சம் தெய்வங்களின் சார்பில் சிரிக்கும் பொறுப்பை அத்தானிடம் ஒப்படைத்தேன். பாவம், முப்பது வருடம் கணக்காளர். "ஹா. ஹா. ஹா." என்று பற்றரி முடிந்த புகை அலாரம் மாதிரி, அரை நிமிடத்துக்கு ஒன்றாகச் சிரித்தார். நான் இரண்டு கையாலும் அடித்தேன். பற்றாது என்று ஒரு காலைத் தூக்கி வைத்து மேலேயே ஏறினேன். என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. கிடாரம் 'டொங்' என்று உள்வாங்கிய சத்தம் தாஸ்மேனியாவுக்குக் கேட்டிருக்கும். வேலிக்கு மேலால் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுச் சாமோவாத் தீவுக்காரர், பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், மலை போன்ற மனிதர். வழுக்கைத் தலையோடு ஒருவன் சட்டிமேல் ஒற்றைக் காலில் ஆடுவதைக் கண்டு அவர் சிரித்தார் பாருங்கள், அதுதான் தெய்வச் சிரிப்பு. வேலி ஆடியது.

திரைச்சீலை அசைந்தது. ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"ஆரடா அது தாளத்தைக் கொல்லுறது? எட்டில ஏழாவது எண்ணிக்கையை எங்க விட்டனி?"

ஒன்பது மாதத்தில் முதல் வார்த்தை! என் நாலு நாக்கும் துள்ளின. "குண்டகாயில விழுந்திட்டுது அக்கா. பெரிய எண்ணிக்கை, நாலு பேர் சேந்தும் தூக்கேலாமப் போச்சு!"

ஜன்னல் மூடிக்கொண்டது. கொளுக்கி மாட்டும் சத்தமும் கேட்டது.

சாமோவாக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அத்தான் படியில் உட்கார்ந்தார். "குகன், உன்ர பகிடியாலதானே அவ உள்ள போனவ. பிறகும் பகிடியைத்தானே கொண்டு வந்திருக்கிறாய்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

நான் கிடாரத்தை விட்டு இறங்கினேன். ஜன்னலடியில் போய் நின்றேன். நாற்பது வசனமும் வெண்பாவும் நெஞ்சில் வரிசையாக நின்றன. ஒன்றையும் எடுக்கப் பயமாக இருந்தது.

"அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை."

பின்பு உள்ளிருந்து, "வேற?"

"வேற ஒண்டுமில்லை."

பின்கதவு திறந்தது. அக்கா இளைத்திருந்தார். கையில் தையல் அளவு நாடா.

"நீ பகிடி விடு. சின்னனில இருந்து விடுறாய், நானும் சிரிக்கிறனான். ஆனா அண்டைக்கு உனக்குப் பிறகு நான் பாட இருந்தனான், தெரியுமே? பிள்ளையளுக்கு ஒரு வாழ்த்து. நானே எழுதி, மூண்டு மாசம் பாடிப் பழகினது. நீ கங்காருவை அவிட்டு விட்டாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எழும்பி நிண்டு என்னத்தைப் பாடுறது?"

"எனக்குத் தெரியாதக்கா."

"நீ கேக்கேல்லை."

உண்மை. மைக்கை வாங்கும்போது அடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆயுளில் எப்போதும் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. அப்படி ஒன்று நடந்ததற்குச் சாட்சிகள் மூவர் இருக்கிறார்கள். அக்கா என் கையில் காய்ந்திருந்த சம்பலைப் பார்த்தார். பிறகு, "புட்டுச் சாப்பிட்டு வந்த கை. முதல்ல கழுவு" என்றார். அடுப்படிக்குள் போய் மகனுக்கு அழைப்பது கேட்டது: "நாளைக்கு ரெண்டு பேரும் பஜனைக்கு வாங்கோ. இல்லை, ஒண்டுமில்லை. சும்மா வாங்கோவன்."

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. முன்னறையில் முப்பது பேர், வாசலருகே கதிரையில் சாமோவாக்காரர். அத்தான் ஏணி வைத்து அலுமாரிக்கு மேலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கியிருந்தார். சீடி போடப் போன பையனை அக்கா கையமர்த்தினார். மகனையும் மருமகளையும் முன்னால் இருக்கச் சொன்னார். ஒன்பது மாதம் பிந்திய அந்த வாழ்த்தைப் பாடினார். நாலு நிமிடம் இருக்கும். இரண்டாவது அடியில் குரல் சற்றுக் கரகரத்தது, நிறுத்தி, தண்ணீர் குடித்து, அதே அடியைத் திரும்ப எடுத்தார். மருமகள் மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பாட்டைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல மாட்டேன். முடிந்ததும் முப்பது பேரும் எதற்கோ என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை இறுக மூடியிருந்தேன். அதைக் கண்டு முதலில் சிரித்தது அக்காதான். பிறகு வீடே சிரித்தது, கையும் தட்டியது.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆல்பரிக்கு முன் பெற்றோல் அடிக்க வேண்டாம், வழியில் விலை கூட. பாதையில் மொத்தம் பத்து மணி நாற்பது நிமிடம் பிடிக்கும், ஓய்வு உட்பட. அலுமினியக் கிடாரம் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தாங்காது. மரத்தொட்டி கிடைத்தால் அதுவே உத்தமம், ஜப்பானியர் விஷயம் தெரிந்தவர்கள். இப்படி ஒரு படம் உங்கள் ஊருக்கு வந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் கதையில் தம்பி ஏன் குகை வாசலில் நிற்கவில்லை என்பதைச் சற்று யோசித்துவிட்டுக் காரை எடுங்கள். நிற்கப் போவதானால் ஒரு வசனத்தோடு போய் நில்லுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்பக் கிளம்பினேன். அக்கா கார்க் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னார். "இனி எப்ப வாறாய்?"

"அடுத்த மாசம் பாப்பமக்கா."

"வந்தா வெள்ளிக்கிழமையாப் பாத்து வா" என்றுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டார். கதவை மூடவில்லை.