கடல் சண்டைக்குப் போகும் மாப்பிள்ளை

மகள் கட்டப்போகிற பெடியன் ஞாயிறு பின்னேரங்களில் எங்கே போகிறான் என்று கேட்டதற்கு, கடல் சண்டைக்கு என்று அவள் சொன்னாள். மொன்றியலில் கடல் இல்லை. ஆறுதான் இருக்கிறது, அதுவும் மாரி முழுக்க உறைந்து கிடக்கும். தாயிடம் சொல்கிற பொய்யைக் கொஞ்சமாவது யோசித்துச் சொல்லக் கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை. எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்றால் முதலில் விசாரிப்போம். பெடியன் பிரெஞ்சுக்காரன் என்பதற்காக அந்த வழக்கத்தை விட முடியுமா? அவன் வேலை செய்கிற புவாண்ட்-கிளேர் கிடங்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவன் வீட்டுக்குக் கீழே இருக்கிற, தெப்பனர் என்கிற சின்னக் கடைக்குப் பால் வாங்குகிற சாட்டில் போய், கடைக்காரரையும் கேட்டேன். எல்லாரும் தங்கமான பிள்ளை என்றார்கள். ஒருவரைப் பற்றி யாருமே ஒரு குறையும் சொல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம் கூடும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் பெடியனின் தகப்பனைப் பற்றியது. அவர் எப்போதோ மாரடைப்பில் செத்துப்போனார் என்று மகள் சொல்லியிருந்தாள். தாரை வார்க்கிற நேரம் மாப்பிள்ளை பக்கம் நிற்க என் தம்பியையும் அவன் மனைவியையும் கேட்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். பெடியனின் தாயை முதன்முதலாகச் சந்தித்தபோது, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், உங்கள் கணவர் இல்லாமல் போனது எனக்குக் கவலை என்று சொன்னேன். அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். என் பிரெஞ்சு பிழையாய்ப் போய்விட்டது என்று மகள் சொல்லி, அவசரமாகக் கேக்கை வெட்டினாள். புருஷன் செத்ததற்குச் சிரிக்கிற மனுசியை நான் அதுவரை கண்டதில்லை.

ஆனியில் கலியாணத்தை வைக்கலாம் என்று என் கணவர் துடித்துக்கொண்டிருந்தார். பெடியனைப் பற்றி என் மனம் தெளியாமல் நாள் வைக்க விடமாட்டேன் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தாள்.

கடைசியில் நானும் கடல் சண்டை பார்க்க வருகிறேன் என்று சொன்னேன். மகளுக்கு அந்த ஞாயிறு வேலை. நான் தனியப் போவது அவளுக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெடியனோ சந்தோஷமாக ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கே காரைக் கொண்டுவந்து என்னை ஏற்றினான். மாமி என்று கூப்பிட மகள் பழக்கியிருக்கிறாள். இப்படிச் சந்தோஷப்படுகிறவன் எதை மறைக்கிறான் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

புவாண்ட்-கிளேரில் ஒரு தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற மண்டபம். தரை முழுக்கக் கருநீலத் துணி விரித்திருந்தது. அதன்மேல் சுண்டுவிரல் அளவு சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். தாடியும் வண்டி வயிறுமான ஆம்பிளைகள் முழங்காலில் நின்று அளவு நாடாவால் கடலை அளந்துகொண்டிருந்தார்கள். மகள் சொன்னது உண்மைதான். உண்மை என்று கண்டதும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நான் பிறந்த ஊர்க் கடலில் இப்படிச் சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். கடலிலிருந்து வந்த ஷெல்லில் எங்கள் ஒழுங்கையில் செத்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. இவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

அவன் எனக்குச் சண்டையை விளங்கப்படுத்தினான். இரண்டாம் உலகப் போரில், வடதுருவத்துக்குக் கிட்டவான கடலில் நடந்ததாம். மாரியில் அங்கே சூரியன் எழும்பாது, மத்தியானத்திலும் மம்மல் இருட்டுத்தான். சாமான் கப்பல்களுக்குக் காவலாக ஒரு பக்கத்துப் போர்க்கப்பல்கள், அவற்றைத் தாக்க வந்த மறுபக்கத்துப் போர்க்கப்பல்கள். பனி கொட்டுகிறது, யார் எவர் என்று தெரியாது. தாக்க வந்த பக்கத்தின் சிறிய கப்பல் ஒன்று தூரத்தில் ஒரு பெரிய உருவத்தைக் கண்டு, தங்களுடையது என்று நம்பிக் கிட்டப் போயிருக்கிறது. அது எதிரியின் கப்பல். கிட்ட வரவிட்டு அடித்து மூழ்கடித்துவிட்டார்கள். நம்பினால் அதுதான் நடக்கும் என்றேன். அவன் சிரித்தான்.

அன்றைக்கு ஒரு கப்டன் காய்ச்சலால் வரவில்லை. அவருடைய சிறிய கப்பலை என்னிடம் தந்துவிட்டார்கள். பெடியனுக்கு எங்கள் பக்கத்தின் பெரிய கப்பல். கப்டன்மார் துணிக்கு முதுகைக் காட்டி, ஆளுக்கொரு பக்கமாகச் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். கப்பல்களை நடுவர்தான் நகர்த்துவார். எங்கள் கப்பலில் இருந்து என்ன தெரிகிறது என்பதைக் காதுக்குள் வந்து சொல்லுவார். உருவம் ஏதாவது தெரிந்தால் வெளிச்சம் காட்டி யார் என்று கேட்கலாம். ஆனால் கேட்டால் நாங்கள் நிற்கிற இடம் எதிரிக்கும் தெரிந்துவிடும். அல்லது கேட்காமலே அடிக்கலாம்.

விளையாட்டென்பதே எனக்கு மறந்து போனது. நடுவர் குனிந்து, பனிக்குள் ஒரு பெரிய கறுப்பு உருவம் உங்களை நோக்கி வருகிறது, கேட்கப் போகிறீர்களா என்றார். எங்கள் கடலில் நின்ற கப்பல்கள் எங்களை யார் என்று கேட்டா அடித்தன? அடியுங்கள் என்றேன். இருக்கிற டோர்பிடோ அவ்வளவையும் விடச் சொன்னேன்.

தாயக்கட்டை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மண்டபமே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். நான் மூழ்கடித்தது மாப்பிள்ளையின் கப்பலை.

கப்பல் மூழ்கினவர்தான் எல்லாருக்கும் கோப்பி ஊற்ற வேண்டுமாம். அவன் குசினிக்குள் போக, ஆளைத் தனியப் பிடிக்க இதுதான் நேரம் என்று நானும் பின்னால் போனேன். கோபத்தில் அவன் சாயம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் கேத்திலை வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தேத்தண்ணிப் பையைத் தேடி எடுத்தான். அடிக்க முதல் யார் என்று ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தான். எங்கள் கடலைப் பற்றிச் சொன்னேன். தேத்தண்ணியை ஊற்றி என் கையில் தந்தான். ஆறுதல் சொல்ல வரவில்லை, அது எனக்குப் பிடித்தது.

"என்னைப் பற்றி எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள், மாமி. கடைக்காரர் சொன்னார்," என்றான் பிரெஞ்சில். "என்னிடம் மட்டும் கேட்கவில்லை."

அப்படியா சங்கதி என்று நேரே கேட்டேன். உன் தகப்பன் எப்படிச் செத்தார்?

அவனுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்தது. "அவர் சாகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார்."

அவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே தாயை விட்டுவிட்டுப் போனவராம். தாய் தகப்பன் பிரிந்த வீட்டில் எங்கள் ஆட்கள் சம்பந்தம் செய்ய யோசிப்பார்கள், செத்தவர் என்றால் ஒருவரும் குறை பிடிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அந்தக் கதையைக் கட்டியது என் மகள்தான். அவன் தாய்க்குக்கூட முன்னமே சொல்லி வைக்கவில்லை. அவனுக்கு அது பிடிக்கவே இல்லையாம். மாமி நேரே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவன் அப்படிக் காத்திருந்தும், அன்றைக்கு வரைக்கும் அவனிடமே கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சண்டை எப்படி என்று கேட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அவன்ரை தகப்பன் என்ன வருத்தத்திலை செத்தவர் எண்டு சொன்னனீ, பிள்ளை?" என்றேன்.

"ஹார்ட் அற்றாக், அம்மா. எத்தினை தரம் கேப்பியள்?"

கண் சிமிட்டவில்லை. சோற்றைக் குழைத்த கைகூட நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஊரெல்லாம் போய் ஒருவனை விசாரித்த நான், என் மேசையில் இருந்து சாப்பிடுகிறவளை ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அறைக்குள் போய்க் கணவரிடம் ஆனியிலேயே நாள் வைக்கச் சொன்னேன். அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பெடியன் நல்லவன் என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"அவன் நல்லவன்தான்," என்றேன். "எங்கடையவளைப் பற்றி விசாரிச்சுச் சொல்லத்தான் அவனுக்கு ஒருத்தரும் இல்லை."