துறைமுகத்து அண்ணனின் சட்டைக்கை

என் அக்கா புருஷன் தையற்காரர். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று எதிலும் அரை அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுவார். தெருவில் அவருக்கு ‘அரை இஞ்ச் மாஸ்டர்’ என்றே பேர். கடைக்குள் தட்டி மறைவில் உட்கார்ந்து நான் பதினாறு வருஷமாகக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறேன். தட்டியில் ஒரு கிழிசல் உண்டு. கடைக்கு வருகிறவர்களை நான் பார்ப்பது அதன் வழியாகத்தான்.

ஒரு மத்தியானம் துறைமுகத்து அண்ணன் அளவு கொடுக்க வந்தார். அவர் கண்ணசைத்தால் கப்பலே நிற்கும் என்று ஊரில் பேச்சு. ஆறடி ஆள் வரப்போகிறார் என்று பார்த்தால், வந்தவர் அத்தானின் தோளுக்குத்தான் இருந்தார். ரப்பர் செருப்பு, ஒரு காதில் பஞ்சு.

அத்தான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அளவெடுத்தார். தோள்முனையில் நிற்க வேண்டிய நாடா கழுத்துப்பக்கம் நழுவியதைப் பார்த்தேன். வெட்டும்போது கவனிப்பார் என்று இருந்துவிட்டேன்.

சட்டை போய்ச் சேர்ந்த பிறகுதான் அத்தான் அளவுப் புத்தகத்தைப் பார்த்தார்.

“அந்த உயரத்துக்குக் கை நீளம் இருபத்திரண்டு போதும். இருபத்தஞ்சு வச்சுத் தொலைச்சிருக்கேன். என் கையை எடுத்துடுவாரு.”

“எடுத்துட்டுப் போகட்டும். இருந்து என்ன கிழிச்சுது?” என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தன் துணியையும் அத்தான் துணியையும் பையில் அடுக்கினாள்.

நாலாம் நாள் டீக்கடைக்காரர் வந்தார்.

“மாஸ்டர், அண்ணனோட சட்டைக்கையைப் பாத்தீங்களா? விரலே தெரியல. உள்ள பிளேடு இருக்காமே. உள்பை வச்சுத் தச்சது நீங்கதானே?”

அத்தான் குனிந்து ஊசியில் நூல் கோத்தார். சாயங்காலத்துக்குள் பிளேடு பளபளத்ததைக் கண்ணால் பார்த்ததாக நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையின் பட்டியை முடித்தவள் நான். அதில் ஒரு பொத்தான் மட்டும்தான் இருந்தது.

பத்தாம் நாள் அண்ணன் தனியாக வந்தார். அக்கா பையோடு பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

“மாஸ்டர், கை நீளம்.”

“தப்பு என்னோடதுதாங்க. கழட்டிக் குடுங்க, இப்பவே குறைச்சுடறேன்.”

“சோறு திங்கவே தொந்தரவா இருக்கு.” ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஆனா ஒரு வாரமா நான் வாயே திறக்கல, வேலை தானா நடக்குது. எதைப் பாத்து ஒதுங்குறானுங்கன்னு எனக்கே புரியல. நேத்துத்தான் ஒருத்தன் சொன்னான்.”

அத்தான் சட்டையை வாங்கக் கை நீட்டினார்.

“இன்னும் ரெண்டு தைங்க. இதே அளவு.”

“அரை இஞ்ச் கூட விடட்டுங்களா?” பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “வேண்டாம். சாப்பிடணும்ல.”

பின்வாசலில் பை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அத்தான் மறுபடி அளவெடுத்தார். இந்தத் தடவை நாடா தோள்முனையிலேயே நின்றது. இருபத்திரண்டு. அதோடு மூன்றைக் கூட்டிப் புத்தகத்தில் எழுதினார்.