சும்மா காட்டிய படம்

ஜப்பான்காரன் காலத்தில் காசு இருந்தும் இல்லாத மாதிரிதான். வாழைமரம் போட்ட நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனாலும் பாசாரில் வாங்க ஒன்றும் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றக் கிளம்பிவிடுவார். அதற்குக் காசு வேண்டாம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இருபது வயசு இருக்கும். எங்களோடு ரயில்வே கோட்டர்ஸில் இருந்தார். அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு அப்போது ஏழு வயசு.

அம்மா கொழுக்கட்டை செய்து கொடுத்து அனுப்புவாள். அரிசிக் கொழுக்கட்டை இல்லை. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, தேங்காய்ப்பூ சேர்த்து, வாழை இலையில் மடித்து அவிப்பாள். இனிப்புக்குத் துளி தேங்காய் வெல்லம். அது எந்தக் கொழுக்கட்டையில் விழுந்தது என்று தேடித்தான் தின்ன வேண்டும்.

மாமா அதை ஒரே இடத்தில் தின்ன விட மாட்டார். ஆற்றங்கரையில் ஒரு வாய். பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் எருமை குளிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய். கோயில் வாசலில் ஒரு வாய். "எடத்துக்கு ஒரு வாய் வை பாப்பா. அப்பத்தான் ஊரு பெருசா இருக்கும்" என்பார். கோபுரம் வைத்த பெரிய ஸ்டேஷனைத் தூரத்தில் நின்றே பார்ப்போம். கிட்டே போனால் காவலுக்கு நிற்கிற ஜப்பான்காரனுக்குக் குனிய வேண்டும். "அவனுக்குக் குனியிற நேரத்துல இன்னொரு தெருவப் பாத்துறலாம்."

சும்மா கிடைக்கிற எதையும் மாமா விட்டதில்லை. அம்மாவுக்கு அது பிடிக்காது.

ஒரு நாள் காலையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒருவன் தெருவில் போனான். மத்தியானம் கொட்டகையில் படம், காசு வேண்டாம், எல்லாரும் வரலாம் என்று கத்தினான்.

"ஜப்பான்காரன் சும்மா ஒண்ணும் குடுக்க மாட்டான்டா. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிக்கிறாங்களாம்" என்றாள் அம்மா.

"அதெல்லாம் ரப்பர் தோட்டத்து ஆளுங்களுக்குக்கா. நாம டவுன் ஆளு. அதோட அவன் என்ன அரிசியா குடுக்கிறான், சந்தேகப்பட? படம்தானே."

டவுன் ஆள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கொட்டகையில் இடமே இல்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பால்காரர் உட்கார்ந்திருந்தார். மாட்டை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போன பிறகும் அவருக்குப் பேர் பால்காரர்தான். என் மடியில் இருந்த கொழுக்கட்டைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விருந்தா?" என்றார்.

"பால் ஊத்துனா விருந்துதான். மாடு எங்கண்ணே?"

"அது இப்ப ஜப்பான் பாஷையில கத்துது."

"அண்ணி வரலியா?"

"எட்டு மாசம்டா. எங்க நடக்குது?"

படத்தில் கப்பல் வந்தது. பிறகு கொடி. மறுபடியும் கப்பல். பாட்டே இல்லை. பின்னால் ஒருவர், "ஒரு பாட்டாவது போடுங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படம் நின்றது. விளக்கு எரிந்தது.

எல்லா வாசலிலும் துப்பாக்கி. வாசலுக்கு வெளியே லோரிகள்.

ஜப்பான்காரனோடு வந்த தமிழ் ஆள் ஒருவன் பெஞ்சு மேல் ஏறினான். "பொம்பளைங்க வீட்டுக்குப் போகலாம். சின்னப் பிள்ளையோட வந்த அப்பன்மாரு பிள்ளையக் கூட்டிட்டுப் போகலாம். மத்த ஆம்பளைங்க லோரியில ஏறுங்க. சயாமுல வேலை."

என் முன்னால் நின்றவருக்கு வேட்டி நனைந்து கால் வழியாக ஒழுகியது. பெரிய ஆள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "யாருன்னு கேட்டா என்னை அப்பான்னு சொல்லு" என்று காதில் சொன்னார். வரிசை நகர்ந்தது. வாசலுக்கு இன்னும் நாலைந்து பேர்தான். மாமா திரும்பினார். பின்னால் பால்காரர். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாமா என்னை அவரிடம் நீட்டினார்.

"பாப்பா, இவர அப்பான்னு சொல்லு."

"இப்பத்தானே உங்களச் சொல்லச் சொன்னீங்க?"

"ஆட்டத்த மாத்திட்டேன். சரியா சொன்னா பொட்டலம் பூரா ஒனக்கு."

"தம்பி, வேணாம்டா" என்றார் பால்காரர். வாய் வேண்டாம் என்றது. கை என்னை வாங்கிக்கொண்டது.

வாசலில் அந்தத் தமிழ் ஆள் என் முகத்துக்கு நேரே குனிந்தான். "இது யாரு பாப்பா?"

"அப்பா" என்றேன்.

வெளியே நல்ல வெயில். திரும்பிப் பார்த்தேன். மாமா சட்டையை வேட்டிக்குள் செருகிக்கொண்டு லோரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

பால்காரர் வழி முழுக்க என்னைக் கீழே இறக்கவில்லை. நடக்கிறேன் என்று சொன்னேன், காதில் விழவில்லை. ஒரு கொழுக்கட்டை கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், தின்னவில்லை. மாமா எங்கே என்று கேட்டேன். "இன்னொரு படம் இருக்காம். பாத்துட்டு வருவாரு" என்றார். நான் நம்பினேன். சும்மா காட்டுகிற படத்தை மாமா விட மாட்டார்.

அம்மா வாசலில் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.

"என் தம்பி எங்கண்ணே?"

பால்காரர் என்னை இறக்கிவிட்டுக் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கையில் கத்தி அப்படியே இருந்தது.

"அவனா குடுத்தானா, நீங்க கேட்டீங்களா?"

அவர் கையில் இருந்த கொழுக்கட்டையைத் திண்ணை போல மடியில் வைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"மாமாதான் குடுத்தாரு. நான் சரியா சொன்னேன்" என்றேன்.

அடுத்த வீட்டு வாசலில் பால்காரர் பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போங்கண்ணே. வீட்ல தேடுறாங்க."

அவர் எழவில்லை. அம்மா மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. எழுந்து போனார்.

சாப்பிடும்போது மாமாவுக்கும் எடுத்து வைக்கச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பாவம், அம்மாவுக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்தேன். ரெண்டாவது படம் பெரிய படமாக இருக்கும், அதுதான் இவ்வளவு நேரம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.