பூனை அண்ணனுக்கு மைனஸ் நாலு

டேப் அக்கா கைல எப்பவும் வளையல் மாதிரி ஒரு டேப் ரோல் தொங்கும். அதான் அந்தப் பேரு. கண்ணாடி ஜாடி பேக் பண்ற கிடங்குல பன்னெண்டு வருஷமா கிளார்க். இன்னைக்கு யார் யார் வந்தாங்க, எத்தனை ஜாடி உடைஞ்சுதுன்னு எழுதறது அவங்க வேலை. முப்பத்தெட்டு வயசுல திடீர்னு ஆசை வந்து, சனிக்கிழமை ஆன்லைன்ல புள்ளியியல் கிளாஸ் சேர்ந்துட்டாங்க. கம்ப்யூட்டருக்குக் கோடும், அதான் புரோகிராமும், எழுதணும்! வீட்டுக்காரர் காய் நறுக்கிக்கிட்டே, "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"ம்பாரு. "மூணாவது வரில தப்புங்குது"ம்பாங்க. எந்த நாள் கேட்டாலும் மூணாவது வரிதான்.

கோரிலேஷன் பாடம் வந்துச்சு. ரெண்டு விஷயம் சேர்ந்து ஏறுதா, இல்ல ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்குதான்னு, மைனஸ் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குள்ள ஒரே நம்பர்ல சொல்லிடுமாம். அக்காவுக்குக் கை துறுதுறுன்னுச்சு. கிடங்கோட தொண்ணூறு நாள் ஷீட்டை உள்ள தள்ளினாங்க. ஆள் வந்தா ஒண்ணு, வரலேன்னா சைபர். யார் வந்த நாள்ல எவ்ளோ உடைஞ்சுதுன்னு ஒவ்வொருத்தருக்கா ஓட்டினா, எல்லாரும் சைபர் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. ஒருத்தர் மட்டும் சைபர் புள்ளி ஏழு எட்டு.

பூனை அண்ணன்.

அவர் நடந்தா சத்தமே வராது, ஜாடியை வெச்சாலும் 'டிங்'னு கேக்காது. அவர் வந்த நாள்ல சராசரியா இருபத்தாறு ஜாடி உடைஞ்சிருக்கு. வராத நாள்ல பதினாறு. அக்கா திரைல வந்த வரைபடத்தை உத்துப் பாத்துக்கிட்டு நிக்க, பின்னாடியே மேனேஜர் வந்து நின்னாரு.

"அடேங்கப்பா, படமெல்லாம் போட்டிருக்கியே! அந்தாளு வந்தா உடையுதா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லிடும்மா, இனிமே வர வேணாம்னு."

"சார், நான் சும்மா பாடத்துக்காக..."

"நம்பர் பொய் சொல்லுமா?"

ஒரு மனுஷனோட பொழப்பு, அக்கா எழுதின கோட்டோட ஒரு வரில போகப் போகுது. அதுவும் முதல் தடவையா தப்பே வராம ஓடின கோடு!

வீட்டுக்கு வந்து தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் கரண்டியோட நின்னு யோசிச்சாரு.

"உனக்குத் தலைவலின்னாதான் நான் சமைக்கறேன், இல்லையா?"

"ஆமா."

"அப்ப என் சமையலாலதான் உனக்குத் தலைவலின்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

"அது இல்லேன்னும் சொல்ல முடியாது"ன்னாங்க அக்கா. சொல்லி முடிக்கறதுக்குள்ள எழுந்து நின்னுட்டாங்க. "ஏங்க! பூனை அண்ணனை நாங்க எப்பக் கூப்பிடுவோம்?"

லோடு குவியற நாள்லதான், அன்னிக்கு யாரு இருந்தாலும் நிறையத்தான் உடையும்! போன் போட்டு, "அண்ணே, ஓடி வாங்க"ன்னு கூப்பிடறதே அக்காதான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்ங்கறதால யாருமே ஷீட்ல எழுதல. பெட்டி எண்ணிக்கை வாட்ச்மேனோட கேட் நோட்டுல மட்டும் தூங்கிட்டிருந்துச்சு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல டப்பாவைக்கூடத் திறக்காம, கேட் நோட்டுலேர்ந்து தொண்ணூறு நாளையும் தட்டினாங்க. இப்ப ரிக்ரஷன். அதாவது, பெட்டி எத்தனைங்கறதையும் கூடவே வெச்சுக்கிட்டு, ஒரே அளவு லோடு இருக்கற நாளுங்கள்ல பூனை அண்ணன் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு ஒப்பிடறது. நல்லவேளை, லோடு குவிஞ்சும் அவர் காய்ச்சல்ல வராத நாளும் இருந்துச்சு, லோடு கம்மியா இருந்த நாள்ல வந்ததும் இருந்துச்சு. இல்லேன்னா ஒப்பிடவே வழியில்ல.

ரன் பண்ணாங்க. மூணாவது வரில தப்பு. கமா விட்டுப்போச்சு! போட்டாங்க. மறுபடி ரன்.

நூறு பெட்டிக்கு ரெண்டு ஜாடி உடையும். பூனை அண்ணன் வந்தா, அன்னிக்கு மொத்தத்துல மைனஸ் நாலு.

அக்கா புதுப் படத்தையும் எடுத்துக்கிட்டு நேரா மேனேஜர் ரூமுக்கே போயிட்டாங்க. "சார், ஆயிரத்தைந்நூறு பெட்டி போற நாள்ல அவர் இல்லேன்னா முப்பது உடையுது. இருந்தா இருபத்தாறு."

"நேத்து வேற சொன்னியே?"

"நேத்து பெட்டியைப் பாக்கல சார், என் தப்பு. இதுவும் முழுசா சரின்னு சத்தியம் பண்ண மாட்டேன், நான் பாக்காதது இன்னும் எதாவது இருக்கும். ஆனா அவரை அனுப்பச் சொன்ன கணக்கு அரைகுறை. அதை நம்பி என்னால அவர்கிட்டப் போய்ச் சொல்ல முடியாது."

மேனேஜர் ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. தாடையைச் சொறிஞ்சாரு. "சரி, இருக்கட்டும். அடுத்த தடவை படம் காட்டறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டு நிதானமா யோசிம்மா."

சாயங்காலம் அக்கா எல்லாத்தையும் பூனை அண்ணன்கிட்ட ஒப்பிச்சாங்க. ஒளிக்கல. "உங்களை வேலையை விட்டு அனுப்பப் பாத்தேன்ணே."

அவர் ஜாடியைக் காகிதத்துல சுத்திக்கிட்டே கேட்டாரு, "கடைசில எனக்கு எவ்ளோதான் வந்துச்சு?"

"மைனஸ் நாலு."

"ஸ்கூல்லகூட சைபரோட நிறுத்திக்கிட்டாங்க தங்கச்சி!"

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க. அவர் ஜாடியைப் பெட்டிக்குள்ள வெச்சாரு. சத்தமே வரல. அக்கா பேனாவை எடுத்து, நாளைக்கான ஷீட்ல ஸ்கேல் வெச்சு ஒரு புதுக் கோடு கிழிச்சு, மேல 'பெட்டி'ன்னு எழுதினாங்க.