நரிப்பயறு வெடிக்கும் சத்தம்

மதுரையிலிருந்து வந்து, காலை ஐந்தே காலுக்கு விருதுநகரில் பேருந்து மாறினேன். சிவகாசியில் இறங்கும்போது ஆறேகால். தை மாதக் கடைசிப் பனி, வெடிமருந்து வாடையோடு ரோட்டின்மேல் படுத்துக் கிடந்தது. நாரணாபுரத்துக்கு அப்பால் போய்வர ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார்.

"வெடி வாங்கவாக்கா?"

"இல்லை, நரிப்பயறு பார்க்க."

திரும்பிப் பார்த்தார். "அதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க ஊருல அதுக்கு மட்டுந்தான் இன்னும் லேபிள் அடிக்கல."

யாரும் விதைக்காமல் முளைப்பது நரிப்பயறு. மழை பெய்த தரிசில் தரையோடு தரையாகப் படரும். மூன்று பிளவாய் இலை, சின்ன மஞ்சள் பூ, குச்சி போல நெற்று. வெயில் ஏறினால் நெற்று கருத்து, முறுக்கி, வெடித்து விதையை எறியும். பிறகு கொடி செத்துவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள். பட்டாசு ஆலைகளில் தீக்குப் பயந்து செடிகொடியைச் செதுக்கிவிடுவார்கள். இரண்டு வருடமாக மூடிக்கிடக்கும் ஓர் ஆலையில் அது காடாய்ப் படர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். ஏன் மூடினார்கள் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆறே முக்கால். கம்பி வேலிக்குள் கூரையில்லாத அறைகள். காவலுக்கு இருந்த பெரியவர் கதவைத் திறந்தார். "உள்ள முத்துலட்சுமி இருக்கு. அது வீட்டுக்காரன் இங்கன வெடிச்சதுலதான் போயிட்டான். நாளைக்கு ஜேசிபி வந்து அம்புட்டையும் வளிச்சிரும். அதான் விட்டேன்."

முத்துலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். பாதிச் சுவர் ஒன்றின் அடியில் குந்தி, பனி ஈரத்தோடு நெற்று பறித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது அவரு வேல பாத்த ரூம்புக்கா. எல்லாத்தையும் செதுக்குவாரு, இத மட்டும் விட்டுருவாரு. எங்க ஆட்டுக்கு இதுன்னா உசிரு. மேனேஜர் வையத்தான் செய்வாரு. இவரு சிரிச்சுக்கிட்டு நிப்பாரு." ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தாள். "அவரு நின்ன மண்ணுல இது ஒண்ணுதான் மிச்சம். வெத கெடச்சா எங்க வீட்டுப் பின்னால போட்டுருவேன்."

பாதிக்கு மேல் பச்சைக் காய். பத்து நாள் பொறுத்தால் முற்றும். அதையும் விடாமல் பறித்தாள். முளைக்காது என்று அவளுக்கும் தெரியும்.

"ஏன் விடியக்காலையில?"

"போன வருசம் உச்சி வெயில்ல வந்தேன். ஒவ்வொண்ணா வெடிச்சுச்சு. சின்னச் சத்தந்தான். அங்கனயே உக்காந்துட்டேன், எந்திரிக்க முடியல. பெரியவருதான் தூக்கிவிட்டாரு."

எட்டரைக்கு வெயில் சுவரைத் தாண்டியது. எங்கோ ஒரு நெற்று 'பட்' என்றது. அவள் கை நின்றது. பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கதவைப் பார்த்து நடந்தாள்.

வேலிக்கு வெளியே பையை என்னிடம் நீட்டினாள். "வீட்டுல காயவச்சாலும் வெடிக்கும். நீங்க கொண்டுபோயி வெடிக்க வச்சு, வெதய மட்டும் அனுப்புவீகளாக்கா?"

"கையால் உரிக்கலாமே?"

"உரிச்சேன். கைக்குள்ளயே வெடிச்சிருச்சு."

பை முழுக்க நெற்று. காகிதத்தைப் போல எடையில்லை. ஆட்டோவில், பேருந்தில், மதுரை வரை அதை முந்தானையால் மூடி, வெயில் படாத பக்கமாகவே உட்கார்ந்து வந்தேன்.

மூன்றாம் நாள் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயப்போட்டேன். பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. பட். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பட். விதைகள் துணியைத் தாண்டித் தெறித்தன. நான் முழங்காலில் ஊர்ந்து பொறுக்கினேன். தீபாவளிக்குத் தீபாவளி இதே மாடியில் நின்று, இந்த வருஷம் சத்தம் போதவில்லை என்று சொல்கிறவள் நான்.

பச்சைக் காய்கள் வெடிக்கவில்லை, சுருங்கிப் போயின. அரைக் கைப்பிடி விதை தேறியது. உறையில் போட்டு ஒட்டி, அவள் சொல்லியிருந்த முகவரியை எழுதினேன். தபால் நிலையத்துக்குக் கிளம்புமுன் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். சலசலத்தது.

பிரித்து, உள்ளே பஞ்சு வைத்து, மறுபடி ஒட்டினேன்.