கம்பளி போர்த்திய அம்பாசிடர்

பழைய கார்களைப் பழுதுபார்க்கும் என்னைப் போன்ற மெக்கானிக்குக் குன்னூர் மேடும் எதிரியில்லை, துருவும் எதிரியில்லை. வண்டி மேல் உயிரையே வைத்திருக்கும் ஓனர்தான் எதிரி. நீங்களும் ஒரு பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர் என்றால், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஷெட்டில் ஒரு பாசம்

அமலா டீச்சர் ரிட்டயர் ஆகி வெலிங்டன் பக்கம் இருக்கிறார். பச்சை அம்பாசிடர், அவர் அப்பா வாங்கியது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய வண்டியின் ரப்பரை எல்லாம் அது தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் படித்திருக்கிறார். பயந்துபோய், கால் டாங்க் பெட்ரோலோடு ஷெட்டில் நிறுத்தி, மேலே கம்பளியைப் போர்த்திவிட்டார். மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்.

ரப்பர் விஷயம் பொய்யில்லை. ஆனால் பெட்ரோல் போகும் ரப்பர் டியூபை மாற்றினால் தீர்ந்தது. ஓட்டாமல் நிறுத்தியதுதான் வினை. எத்தனாலுக்கு ஈரம் என்றால் கொள்ளை ஆசை. நம்ம ஊர்ப் பனிமூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? டாங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினேன். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர் தனியாக நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், டீச்சர் முந்திக்கொண்டார். "ஏனுங்க தம்பி, வாராவாரம் கம்பளியை வெயில்ல காயப்போட்டேன். டாங்க்கைக் காயப்போடணும்னு யாருங்க சொன்னாங்க?"

நடுரோட்டில் நின்றவர்

டீச்சர் மகன் ஆன்டனிக்குக் கோயமுத்தூரில் வேலை, சொந்தமாகப் பேட்டரி கார். அம்பாசிடருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்த முறை இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆனால் காயலான் கடைதான் என்று அம்மாவிடம் சத்தியமே வாங்கிவிட்டார். டீச்சர் தலையாட்டிவிட்டு, அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. 

டியூப் எல்லாம் மாற்றி, டாங்க்கைக் கழுவி, ட்ரையல் பார்க்கக் கிளம்பினேன். ஜெகதளா வளைவில் ஆன்டனியின் கார் நிற்கிறது. அதற்கு முன்னால், நடுரோட்டில் ஒரு காட்டெருமை. சத்தமே இல்லாத வண்டியை அது ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஹாரன் அடித்தால் எங்கே திரும்பிவிடுமோ என்று இவருக்குப் பயம். பின்னால் நான் கடகடவென்று வந்து நின்றதும், அது சலித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனது. ஆன்டனி கண்ணாடியை இறக்கினார். "அண்ணா, இந்தச் சத்தத்தை மட்டும் என் வண்டிக்கு மாட்டித் தர முடியுமா?"

ஊட்டி மேடு

இன்ஸ்பெக்‌ஷன் ஊட்டியில். டீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில். டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, கேத்தி தாண்டியதும் பொட்டென்று நின்றுவிட்டது. சூட்டில் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணி சுற்றினால் சரியாகிவிடும். தண்ணீருக்கு எங்கே போக? மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டிலை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்த அறிவாளி நான். டீச்சர் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். சர்ச் தீர்த்தம். அத்தனையையும் என் கையிலிருந்த துடைக்கும் துணியில் ஊற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பம்ப்பில் சுற்றினேன், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பிரேக், லைட், புகை எல்லாம் பார்த்தார்.  டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  கடைசியில் இன்ஸ்பெக்டர் பாஸ் என்றார். டீச்சர் அழுதே விட்டார். அப்பாடா, எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பின்சீட்டில் இருந்த கம்பளி எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வண்டியைப் போர்த்தி வைத்த கதையை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லைங்க. ஆனா தயவுசெஞ்சு ஓட்டுங்க, போர்த்தி வைக்காதீங்க."

பெட்ரோலில் இனி எதைக் கலந்தாலும் சரி, டீச்சர் ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்கு அம்பாசிடரில்தான் போகிறார், வண்டி பாஸான அன்றே அவர் என் கையில் திணித்த அந்தக் கம்பளிக்குள் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.