தகர ஏரோப்பிளேனுக்கு நான் கேட்ட விலை

என் கடையில் பேரம் கிடையாது. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டையின் முதுகிலேயே விலை அச்சாகியிருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், என் முகத்தைப் பார்த்து ஏதாவது குறையுமா என்று கேட்கலாம், அவ்வளவுதான். வாரம் முழுக்கப் பேரமில்லாத கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கை பரபரக்கும். அன்றைக்குப் பழைய பொம்மை வாங்கக் கிளம்பிவிடுவேன்.

பொம்மை என்றால் தகரப் பொம்மை. சாவி கொடுத்தால் மேளம் தட்டும் கரடி, பேட்டரி போட்டால் ஏணியைத் தூக்கும் தீயணைப்பு வண்டி, தலையை ஆட்டிக்கொண்டே ஓடும் கோழி. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன கூத்து என்று என் நாத்தனார் கேட்காத நாளில்லை. பட்டுச்சேலை வாங்கி பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை உதறி மடித்து வைக்கிறாளே, அதை நான் கேட்கிறேனா? பிடித்திருக்கிறது, வாங்குகிறேன்.

இந்த வட்டாரத்தில் பழைய பொருள் விற்கிறவர்களிடம் எனக்கு நல்ல பேர் உண்டு. நிறைய வாங்குவதால் வந்த பேர் இல்லை, கேட்கிற விதத்தால் வந்தது. எல்லாரும் ஆனை விலை குதிரை விலைதான் சொல்வார்கள். வெளிநாட்டில் இதே மாதிரி ஒரு பொம்மைக்கு எவனோ போட்ட விலையை யாராவது செல்போனில் காட்டியிருப்பார்கள். அதைக் கேட்டு வாயைப் பிளந்தால் அத்தோடு சரி, அந்தக் கடைக்கு மறுபடி போக முடியாது. விலையைக் குறை சொன்னால் பொருளைக் குறை சொன்ன மாதிரி. பொருளைக் குறை சொன்னாலோ, அதை இத்தனை காலம் உடையாமல் நசுங்காமல் வைத்திருந்த ஆளையே குறை சொன்ன மாதிரி. அதனால் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன்: "பொருள் அந்த வெலைக்குத் தகும் அண்ணாச்சி, எனக்குத்தான் இன்னைக்குக் கை எட்டல." கோளாறு என் பக்கம் வந்துவிட்டதா, அவருக்கு நோகாது. பிறகு டீ குடிப்பேன், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன், போயிட்டு வாரேன் என்று எழுந்திருப்பேன். பாதி நேரம் நான் வாசலைத் தாண்டுவதற்குள் விலை தானாகவே இறங்கி வந்துவிடும். என் வீட்டுக்காரர் இந்தத் திறமைக்கு வைத்திருக்கும் பேர், வாய் சர்க்கரை கை கருணைக்கிழங்கு.

ஒருமுறை அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அன்றைய போணியே நான்தான் என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது. துருப்பிடித்த ஒரு தகர ஸ்கூட்டரை எடுத்தேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு நிஜ ஸ்கூட்டரே வாங்கி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வாங்க முடியாது. ஆனால் முதல் ஆள் வெறுங்கையோடு படியிறங்கினால் பகலெல்லாம் அந்த மனுஷனுக்கு மனசு கெட்டுப்போகும். ஒரு மரப் பம்பரத்தை எடுத்து விலை கேட்காமல் பணத்தை நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் அவரே போன் பண்ணி ஸ்கூட்டர் விலையைப் பாதியாக்கினார். மரியாதை ஒருநாளும் நஷ்டம் வைக்காது என்று நான் நம்புவதற்கு இப்படி நிறையக் கதை இருக்கிறது.

இப்படிப்பட்ட நான் ஒரு வீட்டில் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பேச வேண்டி வந்தது.

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் தகர ஏரோப்பிளேன் ஒன்று இருப்பதாக என் கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவர் சொன்னார். வீட்டுக்காரர் சவுதியில் ரொம்பக் காலம் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது பஜாரில் அத்தரும் தொப்பியும் விற்கிற கடை வைத்திருக்கிறாராம். போனேன். நெருக்கமான தெருவில் உயரமான வீடு. ஹாலில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கண்ணாடி ஷோகேஸ். அதில் பூப்போட்ட டீ செட், பெரிய கடிகாரம், பேரீச்சம்பழக் கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், சவுதியிலிருந்து அவர் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஏரோப்பிளேன் நின்றது.

வெள்ளி நிறம், நீலக் கோடு. ஸ்விட்சைப் போட்டால் காற்றாடிகள் சுற்ற ஊர்ந்து போகும், நிற்கும், பக்கவாட்டுக் கதவு திறக்கும், உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பணிப்பெண் எட்டிப் பார்ப்பாள், திரும்ப உள்ளே போவாள். இந்த மாதிரி ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உள்ளே குரல் கொடுத்து டீ வரவழைத்தார், நான் குடித்து முடிக்கும்வரை ஊர் விஷயம் பேசினார். அதற்குப் பிறகு ஒரு விலை சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை, என் வீட்டுக்காரர் படிப்பார்.

வழக்கமான என் வார்த்தையைச் சொன்னேன். "அதுக்கென்னம்மா, பைய பாத்துக்கிடலாம்" என்று சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார். அடுத்தடுத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் டீ வந்தது, கூடவே தம்ரூட்டோ வட்டலப்பமோ ஒரு இனிப்பு வந்தது, விலை மட்டும் அசையவில்லை. ஒருதடவை கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. கெட்டிக்கார வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். நான் கை எட்டவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் தெளிந்ததையும் வியாபாரத் தோரணை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆசை வெட்கமறியாது. சீட்டு எடுத்த பணம் கைக்கு வந்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஹாலில் உட்கார்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு "சந்தோசம்மா" என்றார். எழுந்து ஷோகேஸைத் திறந்து ஏரோப்பிளேனை இறக்கினார். தோள் துண்டால் இறக்கைகளைத் துடைத்தார். வயிற்றுப் பக்கம் மூடியைத் திறந்து பேட்டரிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். அட்டைப்பெட்டி மாடியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று படியேறினார். வாலிபனைப் போல நடக்கிற மனுஷன், அன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மத்தியானச் சாப்பாட்டுச் சோர்வு என்று நினைத்தேன்.

அவர் மனைவி சமையலறைத் திரையை விலக்கி என்னை உள்ளே கூப்பிட்டார். அதுவரை அவர் என்னிடம் சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்பதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை.

"யம்மா, நான் சொன்னேன்னு அவுகளுக்குத் தெரியாண்டாம்" என்று குரலை இறக்கினார். "அத விக்கணும்னு அவுக நெனச்சதே இல்ல. வீட்டுக்கு வந்து உக்காந்து கேட்டவங்கட்ட இல்லைன்னு சொல்ல அவுகளுக்கு வாய் வராது. ஒருத்தரும் வாங்கமாட்டாவன்னுதான் அந்த வெலயச் சொன்னாவ. நீங்க பணத்தோட வந்து நிக்கிய."

இத்தனை மாதமாக அநியாய விலையை மரியாதையாகச் சமாளிக்கிறேன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருக்க, அந்த அநியாய விலையைச் சொல்லி அவர் என்னை மரியாதையாகச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மீதியை அந்த அம்மா அவசர அவசரமாகச் சொன்னார். மகன் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறான். பேத்திக்கு நாலு வயது. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவாள். சலாம் சொல்லு என்றால் ஓடிவிடுவாள். ஏரோப்பிளேன் விடுவதாகச் சொன்னால்தான் போன் முன்னால் வந்து உட்காருவாள். இவர் தரையில் மண்டியிட்டு அதை ஓட்டுவார், அந்த அம்மா போனைப் பிடித்துக்கொள்வார். கதவு திறந்து குட்டிப் பெண் எட்டிப் பார்த்துவிட்டால் பிள்ளைக்கு வாய் திறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யார் கிள்ளினார்கள், ராத்திரி என்ன சாப்பிட்டாள் எல்லாம் வரும். மகன் சின்னவனாக இருந்தபோது இவர் சவுதியில். அவன் பேசிப் பழகிய காலமெல்லாம் கேசட்டில் பதிந்து வந்ததைக் கேட்டதோடு போயிற்று. அதனால்தான் இந்தப் பிள்ளை பேசுகிறதை விட மனசில்லை.

அப்படியானால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா கூடாது என்று தலையை ஆட்டினார். பணத்துக்குச் சிரமப்பட்டுத்தான் பின்வாங்குகிறேன் என்று நினைத்துச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவாராம். அவராக விற்பனைக்கில்லை என்று சொல்லவும் மாட்டாராம். யாவாரி, சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை.

மேலே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை. ஆனால் எந்த பஜாரிலும் ஒரு சட்டம் உண்டு. ஒத்துக்கொண்ட விலையிலிருந்து வாங்குகிறவள் இறங்கினால், விற்கிறவரின் சொல்லும் அவிழ்ந்துவிடும். இறங்குவது என்றால் கொஞ்சம் இறங்கிப் பயனில்லை, அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். கோபம் வருகிற அளவுக்கு இறங்க வேண்டும். என் வாழ்நாளில் செய்யாத காரியம். ஆனாலும் மருந்துக்கடையில் எத்தனை ரகப் பேச்சு கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாததா?

அவர் பெட்டியோடு இறங்கி வந்தபோது நான் ஏரோப்பிளேனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, றெக்கையில பெயிண்ட் போயிருக்கு. வாலு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. இந்தத் தகரத்துக்கா அவ்வளவு சொன்னிய? ஆனித் திருவிழாக் கடையில பிளாஸ்டிக்ல இதவிடப் பெருசாக் கெடைக்கு. அந்த வெலைக்குன்னா தாங்க."

அவர் முகம் சிவந்தது. அவர் வீட்டில், அவர் கொடுத்த டீயையெல்லாம் குடித்துவிட்டு, அவர் கடல் தாண்டி மடியில் வைத்துக் கொண்டுவந்த பொருளை நான் திருவிழாக் கடைப் பொம்மையாக்கிவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிறகு அவர் பார்வை என்னைவிட்டுச் சமையலறைப் பக்கம் போயிற்று. திரை ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பெட்டியைத் தரையில் வைத்தார்.

"அந்த வெலைக்குக் கட்டுபடியாகாதும்மா" என்றார்.

"அப்ப வேண்டாம் அண்ணாச்சி."

"சரிம்மா."

பேட்டரிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு மூடினார். நான் போயிட்டு வாரேன் என்றேன். அவர் வாசல்வரை வரவில்லை, வரவும் கூடாது. திரும்புகையில் குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து, ஆசைப்பட்டதை இப்படிக் கைநழுவ விட்டோமே என்று நன்றாகவே வருத்தப்பட்டேன். ரயில் போய்க் கேட் திறந்ததும் வருத்தம் பாதியாகிவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் நேர்த்தியாகப் பேசிய பேரம் அதுதான் என்று பட்டது.

என் பேர் கெட்டுப்போனது உண்மை. டவுனில் ரதவீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனால், நான் எதையும் தொடுவதற்கு முன்பே கடைக்காரர் சிரிக்கிறார். நீங்கதானா திருவிழாக் கடை விலைக்குக் கேட்கிற அம்மா என்கிறார். அத்தர்க்கடையிலிருந்து கதை பரவியிருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆமாம், நான்தான் என்றேன்.

ஒருநாள் அவரே என் கடைக்கு வந்தார். பிரஷர் மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பி முதுகில் இருந்த விலையைப் பார்த்தார்.

"இதுக்கு இவ்வளவாம்மா? திருவிழாக் கடை வெலைக்குத் தாங்க."

"கட்டுபடியாகாது அண்ணாச்சி" என்றேன்.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. பணத்தை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். அவர் தரையில் மண்டியிட்டிருந்தார், அந்த அம்மா போனைப் பிடித்திருந்தார். ஏரோப்பிளேன் ஓடி நின்றது, கதவு திறந்தது, குட்டிப் பெண் எட்டிப் பார்த்தாள். போனுக்குள் கைதட்டல். பிறகு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு அது யார் என்று கேட்டாள்.

அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நம்ம ஏரோப்பிளேன வாங்க வந்தவங்க இவங்கதான். கொடுக்கமாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன்."

பிள்ளை என்னை முறைத்தாள். ஆமாம், கொடுக்கவே இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.